மாத்திரையின்றி நீரிழிவு: இலக்கு எது, எல்லை எது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்கால ஞாயிறன்று, கடலூரைச் சார்ந்த கடற்கரைப் பங்கு ஒன்றில் பிரசங்கம் செய்தேன். ஒறுத்தலின் மேன்மையை விளக்க வந்த நான், சிதம்பரத்தில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை. நீரிழிவு நோய் கண்டபின் ஒரு மாத்திரையும் விழுங்காமல், உணவைச் சுருக்கியும் நான்கு தேர் வீதிகளையும் நாள்தோறும் நடந்து சுற்றியும் அவர் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று புகழ்ந்தேன். ‘ஒறுத்தல் என்னும் மருந்து கைவசம் இருக்கையில் வேறு மருந்து எதற்கு?’ என்றும் கேட்டு வைத்தேன். காதுக்கு இனிய வாக்கியந்தான். ஆனால் அதில் பாதிதான் உண்மை என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று கோவிலின் பின்வரிசையில் ஒரு மீனவ அன்பர் அமர்ந்திருந்தார். பதினோரு ஆண்டுகளாக நீரிழிவுக்கு இருவகை மாத்திரைகள் உட்கொண்டு வந்தவர். அன்று மாலையே அவற்றை நிறுத்திவிட்டார். சோற்றைக் குறைத்தார், ஆனால் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகஸ்டு மாத இறுதியில், வழக்கம்போல் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடைப்பயணம் புறப்பட்டார். சீர்காழியைத் தாண்டுமுன்பே உள்ளங்காலில் கொப்புளம் கண்டது. உணர்ச்சி மங்கிப்போன பாதம் வலியை அறிவிக்கவில்லை. ஊர் திரும்பியபோது பெருவிரல் கறுத்திருந்தது. சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. விரலை எடுத்துவிட்டுத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

மருத்துவமனையில் அவரைச் சந்திக்கச் சென்றேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. அவருடைய மனைவிதான் மெல்லக் கேட்டார்: “சாமி, அந்த வாத்தியாருக்கு எவ்வளவு இருந்தது, எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு இருந்தது? அதை யாருமே பார்க்கலியே?”

படிப்பறிவு குறைந்த அந்தத் தாயின் கேள்வியில் இந்நோயைப் பற்றிய முழு ஞானமும் அடங்கியிருந்தது. எவ்வளவு இருந்தது? எவ்வளவு இருக்கலாம்? எந்த எண்ணைத் தாண்டினால் மாத்திரையை நாட வேண்டும்? இவற்றைக் கேளாமல் ‘மருந்தின்றி’ என்று பேசுவது, ஆழம் பாராமல் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும். பிரசங்கத்தில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுவது என் கடமை. நான் மருத்துவன் அல்லன். மருத்துவ அன்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே எழுதுகிறேன். இதை உங்கள் வைத்தியரின் சொல்லுக்கு மாற்றாகக் கொள்ளாமல், அவரிடம் தெளிவாகக் கேள்வி கேட்பதற்குத் துணையாகக் கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்து நோய்

நீரிழிவு பணக்காரர் நோய் என்ற காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரும் ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. இந்தியாவில் 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. வயது வந்தோரில் நாடு முழுவதற்கும் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு, நமக்கு அண்டையிலுள்ள புதுவையிலோ 26.3 விழுக்காடு. அதாவது ஞாயிறு திருப்பலிக்கு நூறு பெரியவர்கள் வந்தால், அவர்களுள் பலர் இந்நோயுடன் மண்டியிட்டிருக்கிறார்கள். அதை அறியாதவர்களும் அவர்களுள் உண்டு.

இதில் வியப்பென்ன? நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை இருக்கிறது. வீராணத்து ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. பண்ருட்டியில் பலா பழுக்கிறது. இவை இறைவன் நமக்கு ஈந்த கொடைகள். ஆனால் ஏர் பூட்டி உழுதவனும் துடுப்புப் போட்டவனும் உண்ட அளவுச் சோற்றை, இன்று மோட்டார் சைக்கிளில் செல்பவனும் நாற்காலியில் அமர்பவனும் உண்கிறார்கள். உழைப்பு குறைந்தது, உலை குறையவில்லை.

மூன்று எண்கள்

நீரிழிவு நோயாளர் அறிந்திருக்க வேண்டிய எண்கள் மூன்று.

முதலாவது, வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை. இரவு உணவுக்குப்பின் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் காலையில் பார்ப்பது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை நோயின் வாசற்படி. 126ம் அதற்கு மேலும் நோய். தொல்லைகள் எவையும் தோன்றாதவராயின், மறுமுறையும் சோதித்தே நோயை உறுதி செய்வார்கள்.

இரண்டாவது, உணவுக்குப்பின் இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது. இந்த இரண்டு மணி நேரத்தை உணவின் முதற் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து அன்று. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்றாவது, எச்பிஏ1சி என்னும் சோதனை. நம் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அந்நாட்களில் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அவற்றில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதன் அளவைக் கொண்டு சென்ற இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் கண்டறிகிறார்கள். 6 விழுக்காடு என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. நோயென்று சொல்லும் எல்லை 6.5 விழுக்காடு.

இரத்தச் சோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்து, நல்ல எண்ணைப் பெற்று, வைத்தியரிடம் பாராட்டும் வாங்கி, திரும்பும் வழியிலேயே மிட்டாய்க் கடைக்குள் நுழைகிறவர்கள் உண்டு. பாஸ்காவுக்கு முந்தின நாள் மட்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிற சிலரை அவர்கள் எனக்கு நினைவூட்டுகிறார்கள். மூன்றாவது சோதனையிடம் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. அது மூன்று மாதக் கணக்கையும் விரித்து வைத்துவிடும்.

எனினும் இச்சோதனைக்கும் ஒரு குறை உண்டு. இரத்தசோகை உள்ளவர்களிடம் இது பிறழ்ந்து காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைவினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரத்தம் ஏற்றிக்கொண்ட சில வாரங்களில் குறைவாகவும் காட்டலாம். நம் பெண்மக்களிடையே இரத்தசோகை மிகுதியாக இருப்பதால், மூன்று எண்களையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

எவ்வளவு இருக்கலாம்?

இலக்கு என்பது ஊருக்கெல்லாம் ஒரே அளவாகத் தைத்த சட்டை அன்று. பொதுவாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ள அளவு இதுவாகும்: வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, உணவுக்குப்பின் 180க்குள், எச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்குக் கீழே.

ஆனால் மருந்தில்லாமல், உணவினாலும் நடையினாலும் மட்டும் நோயை ஆள்கிறவர்களுக்கு இன்னும் சற்றுத் தாழ்வான இலக்கை வைக்கலாம். பிரிட்டன் நாட்டின் மருத்துவ நெறிமுறைகள் இவர்களுக்கு 6.5 விழுக்காட்டை இலக்காகக் கூறுகின்றன. சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடிய மருந்துகளை உட்கொள்கிறவர்களுக்கோ 7 என்கின்றன. இந்த வேறுபாட்டின் காரணத்தைப் புரிந்துகொள்வது நலம். இன்சுலின் ஊசியும், கணையத்தைத் தூண்டும் சிலவகை மாத்திரைகளும் சர்க்கரையை 70க்கும் கீழே தள்ளிவிடலாம். அப்போது வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படும். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் அவர்கள் இலக்கை எட்டிப் பிடிக்க மிகவும் நெருக்கக்கூடாது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000 பேருக்கு மேல் ஈடுபடுத்திய ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பல மருந்துகளைக் கொண்டு 6 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க முயன்ற பிரிவில் இறப்புகள் கூடியதால், அம்முயற்சியை இடையிலேயே நிறுத்தினார்கள். உணவையும் நடையையும் மட்டும் நம்புகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எனவே அவர் இயல்பு நிலைக்கு அருகில் செல்ல முயலலாம்.

வயதும் உடல்நிலையும் இலக்கை மாற்றும். நாற்பது வயதில் புதிதாக நோய் கண்ட ஆசிரியை, இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்க வேண்டியவர், அவருக்கு 6.5 பொருந்தும். எண்பது வயதில், இதயம் தளர்ந்து, பிறர் துணையால் நடக்கும் பாட்டிக்கு 8 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலே போதும் என்பர். அந்தப் பாட்டியின் தட்டிலிருந்து இட்லியைப் பறித்து மெலியச் செய்வது மருத்துவமும் அன்று, புண்ணியமும் அன்று.

யார் இம்முயற்சியில் இறங்கலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் அறவே சுரக்காத முதல்வகை நீரிழிவினர் ஒருநாளும் மருந்தை நிறுத்தக்கூடாது. 1922ஆம் ஆண்டு சனவரியில் டொரன்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, அத்தகைய குழந்தைகளுக்குப் பட்டினிச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை. பட்டினி அவர்களின் சாவைச் சற்றுத் தள்ளிப்போட்டதேயன்றித் தடுக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு இலக்குகளே வேறு. வெறும் வயிற்றில் 95க்குள், உணவுக்குப்பின் இரண்டு மணியில் 120க்குள். அது மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் நடக்க வேண்டியது. சர்க்கரை 300ஐத் தொட்டு, உடல் மெலிந்து, தாகமும் சிறுநீரும் மிகுந்திருப்பவர்கள் நடைப் பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே மாத்திரை உட்கொண்டிருப்பவர், பிரசங்கத்தைக் கேட்டோ, பக்கத்து வீட்டாரைப் பார்த்தோ, இந்தக் கட்டுரையைப் படித்தோ அதை நிறுத்தக் கூடாது.

தலைமையாசிரியரின் குறிப்பேடு

சிதம்பரத்து அன்பர் இதை எவ்வாறு செய்தார்? அவருடைய அனுமதியுடன் கூறுகிறேன்.

நோய் கண்டபோது அவருக்கு வயது 58. எடை 74 கிலோ. வெறும் வயிற்றில் 152, உணவுக்குப்பின் 228, எச்பிஏ1சி 7.8. வைத்தியர் முதலில் கண், பாதம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சோதித்தார். பழுதில்லை என்று கண்டபின், “மூன்று மாதம் தருகிறேன். அதற்குள் 7க்குக் கீழே வந்தால் தொடரலாம், வராவிட்டால் மறுபேச்சின்றி மாத்திரை” என்றார். இந்த நிபந்தனைதான் அவரைக் காத்தது. கெடு வைக்காத முயற்சி, வெறும் ஆசையாகவே நின்றுவிடும்.

அவர் படிப்படியாக இலக்கு வைத்தார். முதல் மாத முடிவில் வெறும் வயிற்றில் 140க்குள், உணவுக்குப்பின் 200க்குள். மூன்றாம் மாத முடிவில் 130க்குள், 180க்குள். ஆறாம் மாதத்தில் எச்பிஏ1சி 6.5. ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடிட்டு, தேதி, நேரம், எண், அதற்குமுன் உண்டது என்ன, நடந்தது எவ்வளவு என்று எழுதி வந்தார். நாள்தோறும் விரலைக் குத்திக்கொள்ளவில்லை. சோதனைப் பட்டைகள் விலை மிகுந்தவை அல்லவா? வாரத்தில் இரண்டு நாள், ஒரு முறை வெறும் வயிற்றிலும் மறுமுறை ஏதேனும் ஓர் உணவுக்குப்பின்னும் பார்த்தார். எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை நோட்டே அவருக்குப் போதித்தது. நான்கு இட்லி 212 காட்டியது. இரண்டு இட்லியும் நிறையக் கத்தரிக்காய்க் கொத்சும் 164 காட்டின. சிதம்பரத்துக் கொத்சுக்கு இப்படியும் ஒரு பெருமை!

ஓர் எண் ஏறிவிட்டால் மனம் உடையலாகாது. வீட்டில் பார்க்கும் கருவி சிறிது கூடவோ குறையவோ காட்டக்கூடும். காய்ச்சல், கவலை, தூக்கமின்மை ஆகியவையும் சர்க்கரையை ஏற்றும். ஒரு நாளின் எண்ணை வைத்துத் தீர்ப்புக் கூறாமல், ஒரு மாதத்தின் போக்கைக் காண வேண்டும். மாலையில் நாம் செய்யும் ஆன்மசோதனையும் இத்தகையதே. அது நம்மைத் தண்டிப்பதற்காக அன்று. நாளை எப்படி நடப்பது என்று அறிவதற்காக.

மூன்று மாதத்தில் அவர் எடை 69 கிலோவானது, எச்பிஏ1சி 6.7. ஆறு மாதத்தில் 6.4.

தட்டிலும் தெருவிலும்

இதற்கு அவர் கையாண்ட வழிகளில் புதுமை ஏதுமில்லை. சோற்றை ஒதுக்கவில்லை, பாதியாக்கினார். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு அல்லது மீன் அல்லது முட்டை, மீதிக் கால் பங்கு சோறு. முதலில் காய்கறியும் குழம்பு மீனும், பிறகு சோறு. இந்த வரிசையே உணவுக்குப் பிந்திய ஏற்றத்தைத் தணிக்கிறது. கடலூர்த் துறைமுகத்தில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் இதற்கு மிக ஏற்றவை. ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக்க வேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதை இரத்த அழுத்தக்காரர்கள் மறக்கலாகாது.

நம் மக்களிடையே உலவும் சில தவறான எண்ணங்களையும் கூறிவிடுகிறேன். கேழ்வரகும் கம்பும் நல்லவைதாம். ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. ஒரு பெரிய சொம்புக் கேழ்வரகுக் கூழ், சோற்றைப்போலவே சர்க்கரையை ஏற்றும். பனைவெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் யாவும் இரத்தத்துக்குச் சர்க்கரையே. பண்ருட்டி முந்திரி சர்க்கரையை அதிகம் ஏற்றாது. ஆயினும் கொழுப்பு மிகுந்தது, ஆதலால் கைநிறைய அன்று, எண்ணி ஏழெட்டு. பலாப்பழம் ஒன்றிரண்டு சுளையோடு நிற்க வேண்டும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடமேனும் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் உணவுக்குப்பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சிறப்பாகப் பயன் தரும். தசைகள் அப்போது ஓடும் சர்க்கரையை உடனே எடுத்துக்கொள்கின்றன. இரவு உணவுக்குப்பின் குடும்ப செபமாலையை வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே சொல்லும் ஒரு குடும்பத்தை அறிவேன். தேவமாதா அதற்காக வருந்தமாட்டார்.

எடை குறைவதன் பயனை ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அம்பாடி இராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வெறுமனே விடப்பட்டோரில் 55 விழுக்காட்டினர் நோயாளராயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரில் 39.3 விழுக்காட்டினரே. பிரிட்டனில் ஏறத்தாழ 300 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஆறாண்டுக்கு உட்பட்ட நோயுடையோர் மருத்துவக் கண்காணிப்பில் உணவை மிகக் கடுமையாகக் குறைத்தனர். ஓராண்டில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மருந்தின்றி 6.5க்குக் கீழே வந்தனர். இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாயிற்று. நம்பிக்கைக்கு இடமுண்டு; ஆனால் நூற்றுக்கு நூறு வெற்றி எங்கும் இல்லை என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன.

சட்டைப் பையில் இருந்த மாத்திரை

மீனவ அன்பருக்கு நேர்ந்ததைச் சொல்வதற்காகச் சிதம்பரம் சென்று தலைமையாசிரியரைச் சந்தித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சாமி, சென்ற வருடத்திலிருந்து நானும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து வருடம் சமாளித்தேன். பிறகு 6.9 ஆயிற்று, அப்புறம் 7.4. வைத்தியர் எழுதிக் கொடுத்தார். நீங்கள் என்னைப் பெருமையாகப் பேசுவது தெரியும். சொல்ல வெட்கமாயிருந்தது. தோற்றுவிட்டேன் சாமி.”

நான் எடுத்துக்காட்டாகப் புகழ்ந்த நேரத்தில், அந்த எடுத்துக்காட்டே மாறிப்போயிருந்தது! என் புகழுரை ஒருவரை வெட்கப்படவும் மற்றொருவரை விரலிழக்கவும் செய்துவிட்டது.

அவர் தோற்கவில்லை. இந்நோயில் கணையத்தின் ஆற்றல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்வது இயல்பு. 1977இல் பிரிட்டனில் தொடங்கி, புதிதாக நோய் கண்ட 5,102 பேரைச் சேர்த்து இருபது ஆண்டுகள் நடந்த புகழ்பெற்ற ஆய்வு இதை ஐயமற நிலைநாட்டியது. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் கைக்கொண்டோருள், ஒன்பது ஆண்டுகளின் முடிவில் 7 விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேரே. மற்றவர்கள் எல்லாம் பெருந்தீனிக்காரர்களா? அல்லர். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: எச்பிஏ1சி ஒரு விழுக்காடு குறைவாக இருக்குந்தோறும் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய நாளங்களில் நேரும் கேடு 37 விழுக்காடு குறைவாயிருந்தது. ஆகவே காக்க வேண்டியது எண்ணையே. மாத்திரை இல்லை என்ற பெருமையை அன்று. மாத்திரையின்றி 8.5இல் இருப்பவரைவிட, மாத்திரையுடன் 6.8இல் இருப்பவரே தம் கண்ணுக்கு நன்மை செய்கிறார்.

சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மருத்துவரை மதிக்கவும், இறைவன் மண்ணிலிருந்து தரும் மருந்துகளை இகழாதிருக்கவும் அது நமக்குக் கற்பிக்கிறது. கோபுரம் கட்டப் புகுந்தவன் முதலில் அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கூறிய உவமையும் இங்கே பொருந்தும். இலக்கு வைப்பது என்பது அந்தக் கணக்குத்தான். கணக்கில் பற்றாக்குறை வந்தால் துணை தேடுவது அறிவுடைமை.

நோன்பும் திருப்பயணமும்

திருச்சபைச் சட்டப்படி சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பு, 18 வயது நிறைந்தோர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளோரைக் கட்டுப்படுத்தும். நோயாளரை அது கட்டுப்படுத்துவதில்லை. நற்கருணைக்கு முந்தின ஒரு மணி நேர உபவாசத்திலிருந்தும் முதியோரையும் நோயாளரையும் அவர்களைக் கவனிப்போரையும் சட்டமே விலக்கியுள்ளது. ஆதலால் இன்சுலின் போட்டுக்கொண்டு, காலைப் பலகாரத்தையும் விட்டுவிட்டு, கோவிலில் மயங்கி விழுவதில் பக்தி ஏதுமில்லை. மருந்தில்லாமல் நோயை ஆள்கிறவர்கள், வைத்தியர் சம்மதித்தால் நோன்பு இருக்கலாம். ஆனால் பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் இரட்டிப்பாக உண்பது நோன்பும் அன்று, மருத்துவமும் அன்று.

வேளாங்கண்ணி நடைப்பயணம் நம் வட்டாரத்து மக்களுக்கு உயிர் போன்றது. கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம் வழியாக 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. நீரிழிவுள்ள எவரும் இதை வெறுங்காலில் நடக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பொருத்தமான காலணியும் பருத்திக் காலுறையும் அணியுங்கள். ஒவ்வோர் இரவும் இன்னொருவரைக் கொண்டு உள்ளங்காலைப் பார்க்கச் செய்யுங்கள். கொப்புளம் கண்டால் பேருந்தில் ஏறிவிடுங்கள். ஆரோக்கிய அன்னை என்ற திருநாமத்தைத் தாங்கியவர், தம் பிள்ளைகள் ஆரோக்கியத்தை இழப்பதைக் காணிக்கையாகக் கேட்பாரா?

குடும்பத்தின் கடமை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர், அளவறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டாம் என்ற கருத்தையும் கூறுகிறார். அதே அதிகாரத்தின் முடிவில் நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் உடனிருந்து பேணுபவரையும் ஒன்றாக நிறுத்துகிறார். நாம் முன்னதை மட்டும் நினைவில் வைத்துப் பின்னதை மறந்துவிடுகிறோம்.

உடனிருந்து பேணுபவர் குடும்பத்தாரே. அப்பாவுக்கு மட்டும் தனிச்சோறு, தனிக்கறி என்று ஒதுக்கினால் அது சிறைச்சாலை உணவாகிவிடும். வீடு முழுவதும் காய்கறியைக் கூட்டிச் சோற்றைக் குறைக்கட்டும். பிள்ளைகளுக்கும் அது நாளைய காப்பு. பங்குத் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ‘ஒரு லட்டு தின்றால் என்ன செய்துவிடும்?’ என்று வற்புறுத்துவதை விட்டுவிடுவோம். எண் ஏறியிருந்தால் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சுகிறவர் அடுத்த முறை நோட்டில் பொய்யான எண்ணை எழுதுவார்.

செலவுக்கு அஞ்சுகிறவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களை நாடலாம். அங்கே சர்க்கரைச் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறார்கள். ஆண்டுக்கொரு முறை கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொள்வது, மாத்திரை உண்போருக்கும் உண்ணாதோருக்கும் பொதுவான கடமை.

இன்று அந்த மீனவ அன்பர் கட்டுமரம் ஏறுவதில்லை. கரையில் வலை பின்னுகிறார். அவர் வீட்டிலும் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. அதில் கோடிட்டுக் கொடுத்தவர், என் வேண்டுகோளின்படி சிதம்பரத்திலிருந்து ஒரு நாள் வந்திருந்த தலைமையாசிரியர்தாம். எழுதுவது அந்த அம்மாள். சென்ற மாதம் வீடு மந்திரிக்கச் சென்றபோது நோட்டை எடுத்துவந்து என் முன்னே விரித்தார். மாத்திரையுடன், வெறும் வயிற்றில் 128, உணவுக்குப்பின் 174, எச்பிஏ1சி 7.1.

“போதுமா சாமி?” என்று கேட்டார்.

“வைத்தியர் என்ன சொன்னார்?” என்றேன்.

“இவர் வயசுக்கும் காலுக்கும் இது நல்ல எண்ணுன்னு சொன்னார்.”

“அப்படியானால் போதும்” என்றேன். இம்முறை நான் பிரசங்கம் செய்யவில்லை.

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். ஆலயத்தைப் பழுதுபார்க்கிறவன் முதலில் சுவரை அளந்து பார்ப்பான். பிறகு தன் கையால் ஆனதைச் செய்வான். தன்னால் ஆகாததற்குக் கொத்தனை அழைப்பான். அளப்பதற்கு அஞ்சாதீர்கள், உழைப்பதற்குச் சோம்பாதீர்கள், வேண்டும்போது மருந்தை ஏற்க வெட்கப்படாதீர்கள். ஆரோக்கிய அன்னை நம் குடும்பங்களைக் காப்பாராக.